ஈஸ்வரி வாங்கிய வெள்ளிக் கை

ஈஸ்வரிக்குப் பொறாமை என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டில் ஏசி மாட்டினபோதுகூட ஏறெடுத்துப் பார்க்காதவள். புருஷன் தணிகைவேலுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பெனி வேலை. கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் வாடகைக்கு ஒரு ரூம். நான் எதிர் வீடு. எனக்குத் தெரிந்து அவளுக்கு உலகமே மகள் சுமலதாதான்.

சுமலதாவுக்கு இடது கை மணிக்கட்டோடு சரி. பிறவியிலேயே விரல்கள் இல்லை. ஐந்தாவது படிக்கிற பெண்ணுக்குப் பட்டன் போடுவது, தலை பின்னுவது, சோறு ஊட்டுவதுகூட அம்மாதான். வலது கை நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊட்டுகிறாய் என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பெரியபாளையம் போவாள். கோயில் வாசல் கடைகளில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று விற்பார்கள். உடம்பில் எங்கே குறையோ அதை வாங்கி அம்மன் உண்டியலில் போடுவது வழக்கம். ஈஸ்வரி ஒரு கை வாங்குவாள், மகளின் இடது கையில் தொட்டு எடுப்பாள், கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ஒரு வருஷமும் தவறியதில்லை.

பொங்கல் முடிந்து மாடி ரூமுக்கு மெர்சி வந்தாள். மீஞ்சூர் பெண், இருபத்துமூன்று வயதிருக்கும், தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை. வாடகை பேசியது தணிகைவேல். மறுநாள் காலை அவள் மாடிப்படியில் உட்கார்ந்து தலை பின்னும்போதுதான் ஈஸ்வரி பார்த்தாள். மெர்சிக்கும் இடது கை மணிக்கட்டோடு சரி.

முடியை முன்னால் இழுத்துப் போட்டு, குட்டைக் கையால் தோளோடு அழுத்திக்கொண்டு, ஒரு பிரியைப் பல்லில் கடித்தபடி மளமளவென்று பின்னினாள். கீழ்ப்படியில் சுமலதா வாய் மூடாமல் நின்றாள்.

"வலிக்காதாக்கா?"

"பல்லு வலிக்கும். நேத்து சிக்கு எடுக்காம தூங்கிட்டேன்."

சுமலதா சிரித்தாள். குனிந்த தலை நிமிராமல் பள்ளிக்கூடம் போய் வருகிற பெண், தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். சமையலறையில் நின்ற ஈஸ்வரிக்கு வயிறு எரிந்தது. பெற்று, ராத்திரி பகல் பாராமல் வளர்த்தவளிடம் அந்தப் பிள்ளை ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அதிலிருந்து சுமலதாவுக்குப் பேச்செல்லாம் மெர்சிக்காதான். மெர்சிக்கா தேங்காய் உடைக்கிறாங்க, மெர்சிக்கா கம்பெனியில் பாட்டுப் போட்டியில் ஜெயிச்சிருக்காங்க. அம்மா ஊட்ட வந்தால் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு தானே பின்னிப் பார்த்தாள். வகிடு ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம். ஈஸ்வரி பிடித்து உட்காரவைத்து அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவாள். "இப்டியே போனா ஊர் சிரிக்கும்" என்பாள். ஊர் சிரிக்கவில்லை. சுமலதாதான் அழுதாள்.

மெர்சிமேல் இருந்த கோபத்தைத் தண்ணீரில் காட்டினாள் ஈஸ்வரி. மாடித் தொட்டி நிறைவதற்குள் மோட்டாரை அணைத்துவிடுவாள். மெர்சி எதையும் காட்டிக்கொள்ளாமல் குடத்தை இடுப்பில் ஏற்றி, குட்டைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அதையும் சுமலதா கண்கொட்டாமல் பார்த்தாள். ஈஸ்வரி போட்ட கணக்கு அவள் தலையிலேயே விடிந்தது.

"புள்ளைய மயக்கி வெச்சிருக்கா" என்று என்னிடம் வந்து புலம்பினாள். "நான் இன்னாத்துக்கு இருக்கேன் அப்ப? இந்தப் புள்ளைக்கு நான் வேணாமா?" அதுதான் அவள் பயம்.

ஆடி வந்தது. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். பெரியபாளையத்தில் கால் வைக்க இடமில்லை. வேப்பிலை கட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டைத் தலைகள். வழக்கமான கடையில் ஈஸ்வரி ஒரு கை வாங்கினாள். சுமலதா அவள் முந்தானையை இழுத்தாள்.

"ம்மா, மெர்சிக்காவுக்கும் ஒரு கை வாங்கும்மா."

ஈஸ்வரிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கோயில் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அவளுக்கு எதுக்குடி? சம்பாரிக்கிறா, சமைக்கிறா, கொடம் தூக்கினு மாடி ஏறுறா, தலைய தானே பின்னிக்கிறா. அவளுக்கு இன்னா கொறை?"

சுமலதா தன் இடது கையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் இன்னாம்மா கொறை?"

கடைக்காரன்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஈஸ்வரி அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் கோயில் வரிசையில் போய் நின்றோம். உண்டியல் அருகே வந்ததும் மகள் பழக்கத்தில் இடது கையை நீட்டினாள். ஈஸ்வரி தகட்டை அதில் தொடவில்லை. தன் நெஞ்சில் ஒற்றி எடுத்து உள்ளே போட்டாள்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டு வாசலில் சுமலதா தானே தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிரி பல்லில் இருந்தது. வகிடு அன்றைக்கும் கோணல்தான். ஈஸ்வரி பின்னால் வந்து நின்றாள், கை துறுதுறுத்தது, எனக்கே தெரிந்தது. மாடிப்படியை ஒருமுறை முறைத்தாள். அப்புறம் சீப்பை எடுத்து மகளின் மடியில் வைத்துவிட்டு, மோட்டாரைப் போடப் போனாள்.

தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் அணைக்கவே இல்லை.