போறணைக்குப் போன குஞ்சுகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கண்டியில் ஓர் அலுவலகத்தில் இலிகிதராக இருந்தேன். குண்டசாலையில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாகக் கோழி வளர்ப்பு. காலையில் தீனி வைத்துவிட்டு பஸ் ஏறினால், மாலைவரை மனம் கூட்டையே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வாரம் நூறு குஞ்சுகள் இறக்கியிருந்தேன். பொரித்த ஈரம் காயாதவை. கூட்டில் தொங்கிய இரண்டு பல்புகள்தான் அவற்றுக்குத் தாய். சூடு குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும். மண்ணெண்ணெய் லாம்பு ஒன்றும் வைக்கலாம் என்றாள் மனைவி. நான் இல்லாதபோது தீப்பிடித்தால் என்ன செய்வது என்று பயந்து மறுத்துவிட்டேன்.

மறுநாள் நல்ல மழை. மத்தியானம் அலுவலகத்தில் டியூப் லைட் அணைந்தது. இங்கே போனால் அங்கேயும் போயிருக்குமே. அதற்குமேல் ஒரு வரி எழுத முடியவில்லை.

"கோழிக்குஞ்சுக்கா லீவு?" என்று மேலதிகாரி சிரித்தார். ஆனாலும் போகவிட்டார்.

பஸ் ஜன்னல் வழியே வெளிச்சமுள்ள கடைகளைத் தேடிக்கொண்டே வந்தேன். ஆற்றுப் பாலம் தாண்டியும் ஒன்றுகூட இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. கூடு காலி.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டம்மா சொன்னார்: "குஞ்செல்லாம் பேக்கரிக்குப் போயிருச்சுங்க."



சந்தியில், விறகு எரித்துப் பாண் சுடும் போறணை வைத்த பேக்கரி ஒன்று இருந்தது. பாண் நிறை குறைவு என்று சந்தேகப்பட்டு நான் அங்கே வாங்கியதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், மனைவி மாவு மூட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். போறணைச் சுவரோரம் பெட்டிகளில் குஞ்சுகள் சொகுசாகப் படுத்திருக்கின்றன.

"பயப்புடாதீங்க சேர், பாணோட சேத்து வேக வெக்கல்ல," என்றார் பேக்கரி முதலாளி. முஸ்லிம் அண்ணன் என்பதால் ஊருக்கே அவர் 'நானா'.

நான் எண்ணத் தொடங்கினேன்.

"வந்ததும் ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி. "லாம்பு வச்சிருந்தா மழையில ரெண்டு நடை தூக்கிட்டு வந்திருப்பேனா?"

தொண்ணூற்றெட்டு. என் முகத்தைப் பார்த்து நானா சொன்னார்: "மத்த ரெண்டும் மூட்டைக்குப் பின்னால ஈக்கி சேர்."

அப்போதுதான் கவனித்தேன். மாவு பொங்குவதற்கு அந்தச் சுவரோரம்தான் இடம். குஞ்சுகளுக்காக மாவுத் தட்டுகளை எடுத்துக் குளிரில் வைத்திருந்தார். வாசலில் பையோடு நின்றவர்களிடம், "குஞ்சு தூங்குது, கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ஊருக்கே மாலைப் பாண் பிந்தியது.

இப்போது கோழிகளும் இல்லை, வேலையும் இல்லை. மின்சாரம் போனால் நெஞ்சு படபடப்பது மட்டும் நிற்கவில்லை. ஆனால் ஜன்னலுக்குப் போய், சந்திப் பக்கம் அந்தப் பேக்கரிப் புகைபோக்கியில் புகை தெரிந்தால், திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.