கொடிப்பை இல்லாத படகு

ஈர மணலில் குப்புறப் படுத்து, கைப்பேசியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்தபடி உஷாராணி சீன மொழியில் அதட்டுகிறார். எதிரே வரிசையாக நிற்கும் பயணிகள் ஒன்றாகத் துள்ளுகிறார்கள். படம் சரியில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் சொல்கிறார்: "எல்லாம் பறக்குதுங்க, அந்த ஓரத்துல ஒருத்தன் மட்டும் பேங்க்ல கியூ நிக்கிறான் பாரு லா."

கோல சிலாங்கூர் கடலில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் மணல்திட்டு இது. மேலே மெல்லிய நீர் தங்கி, வானம் அப்படியே கீழே இறங்கிக் கிடக்கும். பயணிகளைப் படகில் கூட்டிவந்து படமெடுத்துக் கொடுப்பது உஷாராணியின் வேலை. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டிய அப்பா இவரைச் சீனப்பள்ளியில் சேர்த்தார். அந்த மாண்டரின்தான் இன்று சோறு போடுகிறது. சீனாவிலிருந்து வருபவர்கள் முதலில் வாயைப் பிளப்பார்கள். பிறகு "ஜியேஜியே", அதாவது அக்கா, என்று ஒட்டிக்கொள்வார்கள்.

பல வருடம் ஊரூராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது உஷாராணி அக்காவின் படகில் கொடிப்பையைக் காணவில்லை. தீபாவளி ரவிக்கைகளில் மிஞ்சிய துணியையெல்லாம் சேர்த்து நாட்டுக் கொடிகள் தைத்து வைத்திருந்தார். அவரவர் கொடியைக் கையில் கொடுத்துவிட்டால் கூச்சம் போய்விடும் என்பார். ஒருமுறை தைவான் முதியவர் ஒருவர் பையைத் துழாவிவிட்டு வெறுங்கையோடு நின்றாராம். அடுத்த முறை நீர் வற்றுவதற்குள் தைவான் கொடியையும் தைத்துவிட்டார்.

"கல்யாண வீட்டுல எல்லாருக்கும் தாம்பூலப் பை குடுத்துட்டு ஒருத்தர மட்டும் சும்மா அனுப்புவோமா? அதான் தச்சேன்."

சென்ற ஆண்டு சீனாவிலிருந்து ஹுவிலான் என்ற பள்ளி ஆசிரியை தனியாக வந்தாள். அதே படகில் தைவான் பெண் ஒருத்தி. திட்டில் இறங்கும்போதே இருவரும் தோளில் கைபோட்டிருந்தார்கள். ஆளுக்கொரு கொடி. அக்கா படமெடுத்தார். சீனர்கள் புழங்கும் சமூக ஊடகத்தில் போட்டு, 'இரண்டு நாடு, ஒரே சிரிப்பு' என்று சீனத்தில் எழுதியும் வைத்தார்.

விடிந்தபோது கீழே வசை குவிந்திருந்தது. தைவான் தனி நாடல்ல, எங்கள் மண். நாடு என்றவளை விடாதீர்கள் என்று முகமில்லாத ஆயிரம் பேர். முன்பதிவுகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. படகு முதலாளியான தவுக்கே வியர்த்துக்கொண்டே எழுதிக்கொடுத்ததை அக்கா கேமரா முன் படித்தார்: சீன மக்களின் மனத்தைப் புண்படுத்திவிட்டேன், மன்னியுங்கள்.

"அது முடிஞ்சிச்சா, ஏன் மன்னிப்புக் கேட்டேன்னு தைவான்காரங்க ஏச ஆரம்பிச்சாங்க. எனக்கு எவ்ளோ ரசிகருங்க பாத்தியா!"

இப்போது அந்தப் படகுத்துறையில் எந்தப் படகிலும் கொடி கூடாது. மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் வரும் மாதத்தில் நம் நாட்டுக் கொடிகூட. இதையும் சிரித்தபடியேதான் சொல்வார். ஹுவிலான் பேச்சு வந்தால்தான் சிரிப்பு நின்றுபோகும்.

படத்தை வைத்தே அவள் பெயரையும் பள்ளியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். துரோகி என்றார்கள். இவளா எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியை என்று பெற்றோர் பள்ளிக்கு எழுதினார்கள். ஹுவிலானிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: 'ஜியேஜியே, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.' அக்கா உடனே எடுத்தார். அதற்குள் படம் எங்கெங்கோ போயிருந்தது. பிறகு ஹுவிலானின் சமூக ஊடகப் பக்கமே மறைந்துவிட்டது.

"என்னைய என்னம்மா செய்வாங்க? ஏசட்டும். நான் இங்க இருக்கேன். அவ அங்கயே இருக்கணுமே. வேலை இருக்கா, போச்சான்னு யார்கிட்டயாவது கேக்கலாம். நான் கேட்டா அதுவும் அவளுக்குத்தானே வம்பு?"

கடல் திரும்பி வரும் நேரம். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருக்கிறது. சீனாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி ஓடிவந்து அக்காவின் கையைப் பற்றி, சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்கிறாள். முன்பெல்லாம் கூப்பிடாமலே எல்லார் படத்திலும் பாய்ந்து நிற்பவர் அக்கா. இப்போது அவள் கைப்பேசியை மெல்ல வாங்கிக்கொண்டு, அவளைத் தனியாக நிறுத்துகிறார்.

திரையில் பெண் சிரிக்கிறாள். அவள் காலடிவரை நீண்டு கிடக்கிறது அக்காவின் நிழல். அக்கா பக்கவாட்டில் நகர்கிறார். நிழலின் தலை மட்டும் இன்னும் படத்தின் ஓரத்தில் விழுகிறது. ஈர மணலில் முழங்காலிட்டு, நிழல் முழுதாகப் படத்தைவிட்டு வெளியேறும்வரை குனிந்துகொள்கிறார். பிறகுதான் விரலை அழுத்துகிறார்.