சிம்லாவுக்கு ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு

மதுரைச் சித்திரை வெயிலில், சட்டையில்லாமல், கிணற்றடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஆவி பறக்கும் வெந்நீரை ஆட்டு ரோமத்தின் மேல் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, ‘நான் ஒரு கலைஞன்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டவன் நான். இரண்டொரு தடவை வாய்விட்டும் சொன்னேன். நல்லவேளையாக ராட்டினம் கிறீச்சிட்டதில் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. கோச்சடையில் குடியிருந்தோம், மாமியாரும் மச்சினனும் எங்களோடுதான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் வெளிநாட்டுப் பழைய பத்திரிகைகளை மூட்டையாகக் கட்டித் தானம் கொடுத்திருந்தார். அவற்றைப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்கு வேலை இருந்தது. அவற்றில் ஒரு பத்திரிகையில் ஃபெல்ட் செய்வது எப்படி என்று படத்தோடு போட்டிருந்தார்கள்.

ஃபெல்ட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஸ்டாம்ப் பேடுக்குள் மையைக் குடித்துவிட்டுக் கிடக்கிறதே, அந்த ரகம். துரைமார் தொப்பியும் அதுதான். நூற்க வேண்டாம், நெய்ய வேண்டாம், ஊசி பிடிக்க வேண்டாம். ஆட்டு ரோமத்தைப் பஞ்சு போலப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால், இழையை இழை கவ்விக்கொண்டு தானே துணியாகிவிடும். திறமையே தேவைப்படாத கலை என்பதுதான் என்னை இழுத்தது. அதற்கு முன்னால் வாட்டர் கலர், மவுத் ஆர்கன், மரச்செதுக்கு என்று பல கலைகள் என்னிடம் வந்து, திறமை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தன.

அந்த நேரம் பார்த்து என் மச்சினனுக்குச் சிம்லாவில் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. ஆவணியில் போய்ச் சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மாமியாரைத் தவிர. அவருக்கு ஒரே பையன். அவனுக்கோ மார்கழி மாதத்து வைகைக் காற்றுக்கே மஃப்ளர் கட்டிக்கொள்கிற உடம்பு.

“பனியில காலு விறைச்சுக் கருத்துப்போயி, விரலையே எடுத்துப்புடுவாகளாமே மாப்ள?” என்றார் என்னிடம்.

“யாரு அத்தை சொன்னது?”

“பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு சொன்னாரு. எனக்கு ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது.”

“விடுங்க அத்தை. நான் செருப்பு செஞ்சு தாரேன். கம்பளியிலயே. மாட்டுனா காலு தோசைக்கல்லு கணக்கா சூடா இருக்கும்.”

“கடையில வாங்குனா ஆகாதா?” என்றாள் என் மனைவி.

“கடைச்சரக்கெல்லாம் ஏமாத்து” என்றேன், சிம்லா கடைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் என்னை எதற்கும் நம்பியதில்லை. ரேஷன் சீனி வாங்கக்கூட வேறு ஆளைத்தான் அனுப்புவார். அன்றைக்கு முதல் தடவையாக என்னை நம்பிக்கையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்காகக் கோயில் யானைக்குக்கூடச் செருப்பு செய்திருப்பேன்.

எங்கள் கல்லூரி டைப்பிஸ்ட் பேரையூர்க்காரர். அவருடைய அண்ணன் வீட்டில் ஆடுகள் இருந்தன.

“எம்புட்டு முடி சார் வேணும்?”

“ஒரு ஜோடி செருப்புக்கு.”

“செருப்புத் தோல்லதானே சார் செய்வாக?” என்று கேட்டவர், நான் விளக்க ஆரம்பித்ததும் அவசரமாகச் சரி என்றார். மறு வாரமே ஒரு சாக்கு வந்தது. அவர் வந்த பஸ்ஸில் அவருக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்ததாம்.

பத்திரிகையில் சொன்னபடி ரோமத்தைப் பரப்பி, வெந்நீர் விட்டு, பார் சோப்பைத் தேய்த்து, கோரைப்பாயில் வைத்துச் சுருட்டிக் கயிற்றால் கட்டினேன். கட்டிய பாயைக் காலால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். உருட்டினேன். மிதித்தேன். பாய்க்குள்ளிருந்து ஆவியும் நுரையும் வந்தன. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்கிளார்க்கின் தலை மெதுவாக எழும்பியது.

“சார், பாய்க்குள்ள ஆரு?”

“யாருமில்ல சார். ஆட்டு முடி.”

தலை இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியது. “அப்ப ஆட்ட என்ன பண்ணுனீக?”

சாயங்காலம் பாயைப் பிரித்தபோது, போட்ட முடி போட்டபடியே இருந்தது. குளித்து முடித்துச் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். சலூனில் கூட்டித் தள்ளியதை அள்ளி வந்த மாதிரி. எனக்குப் பிறகுதான் புரிந்தது. நம் சமவெளி ஆட்டின் மேல் இருப்பது முடி, கம்பளி அல்ல. அதைத் தேய்த்தால் ஒன்றையொன்று கவ்வாது. பத்திரிகையில் எழுதியவன் குளிர்தேசத்துக்காரன். அவன் ஊரில் ஆடென்றாலே கம்பளிதான், அதனால் அதைச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. பேரையூர் வெயிலில் மேயும் ஆடு எதற்குக் கம்பளி வளர்க்கும் என்று யோசிக்க எனக்கும் தோன்றவில்லை. ஆட்டுக்குத் தெரிந்திருந்தது.

கம்பளி ஆடு கொடைக்கானல் மேலே உண்டு என்று விசாரித்து, மச்சினனையே அனுப்பினேன். அவனுடைய கால், அவனே போகட்டும். போனவன் இரண்டு நாள் கழித்து மூட்டையோடும் தும்மலோடும் திரும்பினான். மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் தூங்கியிருக்கிறான். உடம்பெல்லாம் ஆட்டு வாடை. மாமியார் அவனைக் கிணற்றடிக்கு ஓட்டிப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினார். தும்மல் இருமலாக வளர்ந்தது.

“கொடைக்கானலுக்கே இந்தக் கதின்னா அங்கிட்டு என்ன ஆவான்? மாப்ள, செருப்ப நல்லாத் தடியாப் போடுங்க” என்றார் மாமியார். இப்போது இது என் பொழுதுபோக்கு இல்லை, அந்த அம்மாளின் தூக்கம் என்று எனக்கே உறைத்தது.

கம்பளியைச் சிக்கெடுக்க மனைவியின் மரச்சீப்பை எடுத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

“அத இனிமே நீங்களே வச்சுக்கங்க. தலையில இருக்கிற நாலு முடிக்கும் ஆகும்.”

மச்சினனின் காலைப் பேப்பரில் வரைந்து, அந்த அளவுக்குக் கம்பளியை குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். வெறும் செருப்பாக இருந்தால் கலை எங்கே? கறுப்புக் கம்பளியில் ஒவ்வொரு செருப்பின் முகப்பிலும் ஒரு மீன் வைத்தேன். பாண்டிய நாட்டுக்காரன் பனியில் நடந்தாலும் அடையாளத்தோடு நடக்கட்டும்.

தேய்க்க ஆரம்பித்து வெகுநேரம் வெறும் ஈரப்பஞ்சுதான். கை வெந்தது. நெற்றி வியர்வை அதன் மேலேயே சொட்டியது. பிறகு எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, விரலுக்கடியில் ஏதோ மாறியது. வழுக்கிக்கொண்டிருந்தது மெல்ல முரண்டுபிடித்தது. கிள்ளிப் பார்த்தேன். இழை தனியாக வரவில்லை, முழுசும் ஒரே தோலாக எழும்பியது. பஞ்சு ஒரு பொருளாகிவிட்டது. என் கையால் வேறொன்றாக மாறிய முதல் பொருள் அதுதான், உடைந்து மாறியவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால். சட்டையில்லாமல், சோப்பு நுரையோடு, கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அந்தச் சந்தோஷத்தில் மட்டும் இன்றைக்கும் எனக்குக் கேலி இல்லை.

அது காய்ந்ததும் தொட்டில் பிள்ளைக்குச் சரியாக இருந்தது. ஃபெல்ட் சுருங்கும் என்கிற விவரம் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் படத்தோடு நிறுத்திக்கொண்டவன். மறுபடியும் அடுக்கினேன், இந்தத் தடவை பூதத்தின் கால் அளவுக்கு. கிணற்றடியிலேயே ஆடி மாதமும் வந்து போனது. கடைசியில் ஒரு ஜோடி தேறியது. இடது கொஞ்சம் பெரிசு. மற்றபடி கால் நுழைந்தது, தரையில் நின்றது, தடியாகவும் இருந்தது.

மச்சினன் சிம்லாவுக்குக் கிளம்புகிற அன்று எல்லோருக்கும் முன்னால் மாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“முகப்புல என்ன மாப்ள, கத்திரிக்காயா?”

“மீனு அத்தை.”

“ஓ” என்றவர், வலது செருப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “இம்புட்டுக் கதகதப்பா இருக்கே” என்றபோது கண் கலங்கியிருந்தது. தன் கையாலேயே பெட்டியில், முறுக்கு டின்னுக்கு மேலே, துண்டில் சுற்றி வைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மாமியார் நன்றாகத் தூங்கினார் என்று மனைவி சொன்னாள். ரேடியோவில் வடக்கே கடும் குளிர் என்று வாசித்தால், “மாப்ள செருப்பு இருக்குல்ல” என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுப்பாராம். ரேஷன் சீனி வாங்கும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு ஹெட்கிளார்க்கிடம் நான் ஃபெல்ட்டின் வரலாறு பற்றிப் பேசத் தொடங்கியிருந்தேன். அவர் மதில் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தார்.

அடுத்த வருஷம் மச்சினன் லீவில் வந்தான். குண்டாக, சிவப்பாக, இருமல் இல்லாமல் வந்தான். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்ததும் மாமியார் கேட்டார்.

“காலு விறைச்சுச்சாடா?”

“இல்லம்மா. நல்லாத்தேன் இருந்துச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அடக்கமாகக் கூட்டைப் பிசைந்தேன்.

“செருப்ப வீட்டுக்குள்ளயும் கழட்டாமப் போட்டுக்கிட்டேல்ல?”

“வீட்டுக்குள்ளயா?” என்றான். “ஒரே ரூமும்மா. அதுலதான் சாமி படம் வச்சிருக்கேன். செருப்ப எப்பிடி உள்ள போடுறது? வாசல்லயே கழட்டிப்புட்டுத்தான் போவேன். வெளிய போட்டுப் பாத்தேன், ஈரத்தைக் குடிச்சுக் கனத்துப்போச்சு. அப்புறம் வாசல்லயே கிடந்துச்சு. அங்கன ரெண்டு ரூபாய்க்கு நல்ல சாக்ஸ் விக்கிறான், அதைப் போட்டுக்கிட்டேன். தப்பா நெனைக்காதீக அத்தான். வீட்டுக்காரம்மாவோட பூனை அந்த எடது செருப்புல குட்டி போட்டுருச்சு.”

குளிர்தேசத்தில் அது வீட்டுக்குள் போடுவதற்கென்றே செய்கிற செருப்பு. அதைச் செய்த நானோ, ஒருநாளும் வீட்டுக்குள் செருப்புப் போடாதவன். நாலு மாதம் வெந்நீரில் வெந்தும் எனக்கு அது தோன்றவில்லை. மனைவி ரசத்தை எடுத்து வரும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மாமியார் சிரிக்கவில்லை. செருப்போடு சாமி இருக்கிற இடத்துக்குள் போகாமல் பிள்ளை ஒழுங்காக இருந்திருக்கிறான் என்கிற நிறைவு முகத்தில் தெரிந்தது. பிறகு என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்:

“வெசனப்படாதீக மாப்ள. பூனைக்காச்சும் அளவு சரியா இருந்துச்சே.”