ஸ்கேனில் தெரியாத பயம்

கோழிப்பண்ணையில் தலையில் இடித்துக்கொள்வது எங்களுக்கு ஒரு சங்கதியே அல்ல. கூண்டுக்கு அடியில் உருண்டுபோன முட்டையைக் குனிந்து எடுத்துவிட்டு அவசரமாக நிமிர்ந்தேன். தண்ணீர்க் குழாயைத் தாங்கும் இரும்புச் சட்டம் உச்சந்தலையில் மோதியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கே நிற்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். நாமக்கல்லுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள்.

அந்த ‘ஒன்றுமில்லை’யை என் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பிலிமை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார். அவர்களும் பெரிய டாக்டர்கள் மாதிரி தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வாரம் கழித்துத்தான் பயம் வந்தது. எதைப் பார்த்து என்று சொல்லத் தெரியவில்லை. சோறு வடிக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன். மகள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள், எனக்குக் காரணமில்லாமல் அழுகை முட்டும். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன். அதைவிட, தோட்டத்துக் கிணற்றுக்குப் பயந்தேன். அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவேன் என்று என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தலையில்தான் ஒன்றுமில்லையே.

மாமியார் திருநீறு போட்டு, கையில் மந்திரித்த கயிறு கட்டினார். “டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு சாமி. ஊட்டுக்குள்ளயே மொடங்கிக் கெடந்தா பயம் எப்படித் தெளியும்? பண்ணைக்குப் போ” என்றார். பாசத்தோடுதான் சொன்னார். நானும் போனேன்.

எங்கள் கொட்டகைக்குள் யாரும் சட்டென்று நுழைவதில்லை. வாசலில் நின்று மெதுவாகக் குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். இல்லாவிட்டால் கோழிகள் மிரண்டுவிடும். கல்யாணமாகி வந்த நாள் முதல் செய்துவந்த அந்தப் பழக்கம் அன்று எனக்கு மறந்தே போய்விட்டது. நுழைந்ததும் கையிலிருந்த வாளி வேறு நழுவியது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் இறக்கையை அடித்துக் கத்தின. நான் நடைபாதையில் குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு அவற்றைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

வீட்டுக்காரர் ஓடிவந்து என்னை வெளியே இழுத்தார். கோழிகளை அமர்த்திவிட்டு வந்து சத்தம் போட்டார்.

“கொரல் குடுக்காம உள்ளார போவாங்களா? மெரண்ட கோழி ஒரு வாரத்துக்கு ஒழுங்கா முட்டை உடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“எந்தக் கோழிக்காச்சும் அடிபட்டுதுங்களா?”

“இல்ல.”

“ஸ்கேன் எடுத்தா ஏதாச்சும் தெரியுமுங்களா?”

மறுநாள் காலையில் என்னைச் சேலத்துக்கு ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்.

அந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். லேசான அடிக்குப் பிறகும், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், இப்படி வரலாம், குணப்படுத்தலாம் என்றார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“செத்துடலாம்னு தோணுதாம்மா?”

“அதெல்லாம் இல்லீங்க டாக்டர். இவ தைரியமான ஆளுங்க” என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டு சிரித்தார்.

ஆமென்று சொன்னால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன், என்னை நம்பி மகளை விடுவாரா என்று பயமாக இருந்தது. இல்லையென்று சொன்னால் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம், இவர் பண்ணைக்குப் போய்விடுவார், நான் தனியாக இருப்பேன். அது இன்னும் பயமாக இருந்தது.

“தோணுதுங்க,” என்றேன். “தெனமும் தோணுதுங்க.”

வீட்டுக்காரரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தன நாளா, அம்மிணி?”

கேட்டது டாக்டர் இல்லை.