பரீட்சகரை மறுத்துப் பேசுதல்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. வெப்பம் பதின்மூன்று பாகை. மேற்குக் காற்று. குடை பிடிக்கத் தேவையில்லாத, ஆனால் மூக்குக் கண்ணாடியை நனைத்துவிடுகிற தூறல். அந்த நேரத்தில் வளர்ந்தோர் கல்லூரி ஒன்றின் இரண்டாம் மாடியில் என்னை மறுபடி அறைக்குள் கூப்பிட்டு, எனக்கு 00 என்று சொன்னார்கள்.

டென்மார்க்கில் பரீட்சைக்குக் கொடுக்கும் புள்ளிகள் ஏழே ஏழு. சய மூன்று (அதாவது -3), 00, 02, 4, 7, 10, 12. அதில் குறைந்தது 02 கிடைத்தால்தான் சித்தி, அதாவது தேர்ச்சி. சைபரை ஏன் இரண்டு தரம் எழுதுகிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. ஹோர்சன்ஸில் ஒரு களஞ்சியத்தில் இருபத்தொன்பது வருடம் பெட்டி எண்ணியவன் என்பதால் எனக்குக் காரணம் உடனே விளங்கியது. தனிச் சைபருக்கு முன்னால் யாரும் ஒரு ஒன்றைச் செருகிவிடலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தவன். ஆனால் வந்தபோது சான்றிதழ் எதுவும் கையில் இல்லை. பிறகு எழுதிக் கேட்டும் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களில் கல்வி என்ற கட்டத்துக்குள் 'இல்லை' என்றே எழுத வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற பின், இங்கத்தைய உயர்தரத்தை ஒவ்வொரு பாடமாக எடுக்கத் தொடங்கினேன். ஐந்து வருடத்தில் எல்லாம் முடிந்து, வரலாறு ஒன்றுதான் பாக்கி. எங்கள் ஆசிரியை எடுத்த ஆறு தலைப்புகளில் நான்கு அமெரிக்கா: அடிமைமுறை, உள்நாட்டுப் போர், போருக்குப் பின் தெற்கு, குடிசார் உரிமைப் போராட்டம். அந்த ஒன்று சரிவந்தால் கட்டத்துக்குள் வேறு சொல் எழுதலாம். எனக்கு வயது எழுபத்தொன்று. மூன்று முறை பரீட்சை எடுக்க விதி இடம் தருகிறது. என் மனைவி இரண்டுக்கு மேல் இடம் தரவில்லை.

"இனியும் கோட்டை விட்டால் போற வாற இடமெல்லாம் வயசுபோன மனிசன் ஃபெயில் எண்டு கதைக்கும் சனம்," என்றாள். "இன்னும் ஒருக்கா எடுங்கோ. சரிவராட்டிப் புத்தகத்தை மூடிப்போட்டு என்னோட நடக்க வாங்கோ."

மூத்த மகனின் மனைவி இங்கே ஜிம்னேசியம் ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறார். ஜிம்னேசியம் என்றால் இங்கே உயர்தரப் பள்ளி. ஒடென்சே நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒன்பது வருடமாக எங்கள் மருமகள். இந்த ஒன்பது வருடத்தில் அவரும் நானும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. "மாமா, தேத்தண்ணி?" "ஓம் பிள்ளை." அவ்வளவுதான். அவரிடம் போய்ப் பாடம் கேட்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மகனிடமிருந்து விஷயம் அறிந்து, ஆகஸ்ட் மாதம் அவராகவே வந்தார். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "அண்டைக்கு என்ன நடந்தது எண்டு ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ மாமா," என்றார்.

சொன்னேன். அறுபத்து நான்கு பக்கக் குறிப்பைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். எது எந்த ஆண்டில் நடந்தது என்று இருநூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் மனதில் இருந்தன. ஆசிரியைக்குப் பக்கத்தில், இன்னொரு கல்லூரியிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சென்சோர் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும், பச்சைக் கம்பளிச் சட்டை. நான் நின்றபடியே வணக்கம் வைத்தேன். இருக்கச் சொன்னார்கள். உள்நாட்டுப் போர் பற்றிய தாள் வந்தது. ஆண்டுகளைச் சொல்லத் தொடங்கினேன். இடையில் அவர் கேட்டார்: அப்படியானால் அந்தப் போர் மாநிலங்களின் உரிமைக்காகத்தான் நடந்தது, அடிமைமுறைக்காக அல்ல, அப்படித்தானே?

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு."

மருமகள் பேனாவைக் கீழே வைத்தார். "பிறகு?"

"பிறகு, அப்ப வடக்கு மாநிலங்களும் அடிமைகளைப் பற்றிக் கவலைப்படேல்லைத்தானே எண்டு கேட்டார். அதுக்கும் ஓம் எண்டனான்."

"அப்பிடி எத்தினை ஓம் மாமா?"

"ஐஞ்சு."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது எனக்குத் தெரிந்தது. "மாமா, அந்தாள் உங்களுக்குக் கை குடுத்தவர். பிழையான கதை ஒண்டைச் சொல்லி, நீங்கள் இல்லையெண்டு சொல்லுறதுக்கு வழி விட்டவர். ஐஞ்சு தரம் விட்டவர்."

"பரீட்சகரை எப்பிடிப் பிள்ளை மறுத்துக் கதைக்கிறது? அவர் படிச்ச மனிசன்."

"அதுதான் பரீட்சை," என்றார்.

எனக்கு அன்று நித்திரை வரவில்லை. அந்த அறுபத்து நான்கு பக்கத்தில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. போரின் காரணம் எனக்குத் தெரியாததும் அல்ல. இருபத்தோராம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். பெரியவர் ஒருவர் கேள்வியாகச் சொன்னதை, அவருடைய தீர்ப்பென்று எடுத்துக்கொண்டுவிட்டேன். எங்கள் பள்ளியில் பரீட்சகர் ஒன்றைச் சொன்னால் அது விடை.

மருமகள் சனிக்கிழமைகளில் காலை ஒன்பதரைக்கு வந்தார். முதல் நாளே என் குறிப்புக் கட்டை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பதிலாக ஒவ்வொரு கிழமையும் ஒரு தாள்: யாரோ ஒருவருடைய கடிதம், ஒரு பத்திரிகை விளம்பரம், ஒரு சட்டப் பிரிவு. இதை எழுதியது யார், யாருக்கு, ஏன், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பார். பிறகு முகத்தை அசைக்காமல் ஒரு பிழையான கருத்தைச் சொல்வார். நான் மறுக்க வேண்டும். மறுத்தால் போதாது, தாளில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். எல்லாம் டேனிஷில்தான். இல்லை என்பதற்கு டேனிஷில் 'நை'. தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. முதல் மூன்று சனியும் அது என் வாயிலிருந்து வரவில்லை. "ஓம், ஆனாலும்..." என்றுதான் ஒவ்வொரு வசனமும் தொடங்கியது.

"மாமா, அந்த ஓமை எனக்குத் தாங்கோ, நான் வீட்டை கொண்டுபோறன்," என்றார் நான்காம் சனி. "உங்கட மகன் எனக்கு அதைச் சொல்லுறேல்லை."

அதற்குச் சிரித்தபோதுதான் எனக்குப் பயம் கொஞ்சம் விட்டது. அன்று அவர், விடுதலையான மக்களுக்கு உடனே வாக்குரிமை கொடுத்தது அவசரம் என்று ஒரு தோட்ட முதலாளியின் கடிதத்தை வைத்து வாதாடினார். நான் மேசையில் தட்டி, "நை. பிழை. முழுப் பிழை," என்றேன். சத்தம் கூடிவிட்டது. சமையலறையிலிருந்து மனைவி அகப்பையோடு ஓடிவந்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன இது? அந்தப் பிள்ளையோட ஏன் சண்டை பிடிக்கிறியள்?"

"சண்டை இல்லை மாமி, மாமா நல்லாச் செய்யிறார்," என்றார் மருமகள்.

"மாமனும் மருமகளும் கத்துறது நல்லாச் செய்யிறதோ? பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் பொலிசைக் கூப்பிடப் போறார்." பிறகு என்னைப் பார்த்து, "முப்பத்தொன்பது வருசமா எனக்கு ஒண்டுக்கும் மறுத்துச் சொல்லத் தெரியாத மனிசன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அது உண்மையல்ல. ஆனால் அதை மறுக்க நான் படித்திருக்கவில்லை.

மருமகள் இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார். "உங்கட கதையை உள்ளுக்குக் கொண்டுவராதேங்கோ மாமா. எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் எண்டு தொடங்கினால் பத்து நிமிசம் போயிடும். தாளில என்ன கிடக்கோ அதில நில்லுங்கோ." அதில்தான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு தாளிலும் ஊர் எட்டிப் பார்த்தது. அதைத் திரும்பிப் போகச் சொல்லிப் பழகினேன்.

டிசம்பர் 12, வியாழக்கிழமை. காலையில் ஒரு பாகைக் குளிர், ஈரமான பனி. மருமகளுக்கு வகுப்பு இருந்ததால் வரவில்லை. மனைவி பரீட்சை அறை வாசல்வரை வந்து, நடைக்கூடத்து நீள வாங்கில் உட்கார்ந்துகொண்டாள். நான் சீட்டு எடுத்தேன். எட்டாம் இலக்கம். அதற்குரிய தாளைத் தந்து ஒரு மணி நேரம் தனி அறையில் விட்டார்கள்.

அது அமெரிக்கத் தெற்கு மாநிலம் ஒன்றில், வாக்காளராகப் பதிய வந்தவர்களுக்குக் கொடுத்த எழுத்தறிவுத் தாள். ஐந்தாம் வகுப்புப் படித்ததற்குச் சான்று காட்ட முடியாதவருக்கு உரியது என்று மேலே போட்டிருந்தது. அந்த வரியை நான் மூன்று முறை வாசித்தேன். சான்று காட்ட முடியாதவர். பிறகு, தாளில் நில் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். முப்பது கேள்விகள். பத்து நிமிடம். ஒன்று பிழைத்தாலும் தோல்வி. ஒரு கேள்விக்கு இருபது வினாடி. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து நானே செய்து பார்த்தேன். முதல் பத்துக்கு எனக்கு ஏழு நிமிடம் ஐந்து வினாடி எடுத்தது. முதலாம் கேள்வி, இந்த வசனத்தின் எண்ணை அல்லது எழுத்தைச் சுற்றிக் கோடு போடு என்றது. எண்ணைச் சுற்றினாலும் பிழை சொல்லலாம், எழுத்தைச் சுற்றினாலும் பிழை சொல்லலாம்.

உள்ளே வேறொரு சென்சோர். பெண், நரைத்த தலை, கழுத்தில் சால்வை. இந்த முறை இருக்கச் சொல்லும்வரை நான் நிற்கவில்லை. கை கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். தாளை யார் செய்தது, யார் திருத்தினார், யாருக்கு என்று பேசினேன். பன்னிரண்டாம் நிமிடத்தில் அவர் இடைமறித்தார். ஒரு நாட்டை ஆளுகிறவர்களைத் தெரிவு செய்பவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

எனக்குள் பழைய ஓம் எழுந்து நின்றது. அதை நான் பார்த்தேன். மூன்று வினாடி இருக்கும்.

நை, என்றேன். இந்தத் தாள் வாசிக்கத் தெரியுமா என்று பார்க்கவில்லை. இருபது வினாடிக் கணக்கைச் சொன்னேன், என் கைக்கடிகாரத்தின் கணக்கையும் சொன்னேன். முதலாம் கேள்வியில் விரலை வைத்தேன். இதற்குச் சரியான விடை தாளில் இல்லை, திருத்துகிற பதிவாளரின் விருப்பத்தில் இருக்கிறது என்றேன். பரீட்சையில் தோற்பது வேறு, தோற்கடிப்பதற்காகப் பரீட்சை வைப்பது வேறு. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும், ஜூன் மாதம் நான் தோற்றது முதலாவது வகை என்றேன். அது என் சொந்தக் கதைதான். ஒரு வசனம் மட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்தார். விடவில்லை; இன்னும் மூன்று இடத்தில் மறித்தார். இரண்டுக்கு நை சொன்னேன். ஒன்றுக்கு, அது சரி, நான் அதைக் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஆறு நிமிடம். மனைவி வாங்கில் இருந்து, "எத்தினை ஓம்?" என்று கேட்டாள். ஒன்று, அதுவும் தேவையான ஓம் என்றேன்.

ஏழு கிடைத்தது. நல்ல புள்ளி, பத்து ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அந்த ஒப்புக்கொண்ட இடம்தான் காரணமோ என்று இன்றும் யோசிக்கிறேன். மருமகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இடைவேளை போலும், பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். பிறகு, "மாமா, அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கோ, நீங்கள் சொன்னதையும் சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். நடுவில் அவர் அங்கிருந்த யாருக்கோ டேனிஷில், இது என்னுடைய மாணவர், எழுபத்தொரு வயது, என்று சொல்வது கேட்டது. மாமனார் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த ஏழு புள்ளியைவிட அது பெரிதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் சாப்பிட வந்தபோது ஒரு கடித உறையை மேசையில் அவர் பக்கம் தள்ளினேன். மகன் முகம் சுளித்தான். "என்ன அப்பா, வீட்டாளுக்குக் காசு குடுக்கிறியளோ?" மனைவி எனக்குக் காலால் தட்டினாள். எங்கள் வீடுகளில் இப்படிக் கொடுத்தால், சிச்சீ என்று திருப்பித் தள்ளுவதுதான் மரியாதை.

மருமகள் தள்ளவில்லை. "எத்தினை மணித்தியாலம் மாமா?" என்று கேட்டார்.

"பதினைஞ்சு சனி. முப்பத்தாறு மணித்தியாலம் நாப்பத்தைஞ்சு நிமிசம். வெளியில விசாரிச்சனான், மணித்தியாலத்துக்கு முந்நூறு எடுக்கினமாம்."

"சரியான கணக்கு," என்று உறையை எடுத்துப் பிரித்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொரு தாளாக எண்ணினார். எண்ணி முடித்து, கைப்பைக்குள் வைத்து, "நன்றி மாமா. நான் வேலை செய்தனான்," என்றார். மகனும் என் மனைவியும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு ஆசிரியையிடம் படித்தேன் என்று அந்த மேசையில் எனக்கு மார்பு நிமிர்ந்தது. பதினோராயிரத்து இருபத்தைந்து குரோனர்.