பச்சை வயர் இல்லாத பிளக்குகள்

காலை பத்து நாற்பதுக்கு வலப்பக்க ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பதினொன்றுக்குப் புறப்பட வேண்டிய ரப்பர்த் தோட்டத்து லாரியை நினைத்து அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. ஈப்போவில் பழைய சாமான் கடையொன்றின் பின்னறை. கடைக்காரர் அதை ஸ்டூடியோ என்பார். என் கணவருக்கு வேண்டியவர். கோயில் திருவிழாவுக்காகத் தோட்டத்துப் பிள்ளைகளின் பக்திப் பாடல்களை கேசட்டில் பதிந்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். முதல் பாட்டு என் மகளுடையது. அவளுக்குப் பதினான்கு வயது. நான் சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியை. நாங்கள் இருவரும் விடியற்காலை பஸ்ஸில் முன்னதாகவே வந்துவிட்டோம். மற்ற ஆறு பேர் பிற்பகலில் வருவதாக ஏற்பாடு.

அந்த அறையில் சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள். புதியவை அல்ல, கடைகளில் கழித்துப் போட்டவை. உடைந்த முட்டை வழிந்து காய்ந்த மஞ்சள் கறை, அதன்மேல் கரப்பான் எச்சம். குளிருக்குப் போட்டிருந்த ஏர்கோன் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. டின் நிறைந்து சிமெண்டுத் தரையில் வழிந்ததை அவர் நாறும் துணியொன்றைப் போட்டுக் காலால் தேய்த்தார். இத்தனைக்கும் நடுவே ஒரு சரஸ்வதி படம், பூ வைத்து. அதைப் பார்த்ததும் மகளிடம் செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

"இருக்கட்டும் டீச்சர், போட்டுக்கட்டும்," என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. ரப்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவள் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றாள்.

ஸ்பீக்கர்களில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. சிங்கப்பூரிலிருந்து வந்தவையாம். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி பிளக். விளக்கு அணைந்ததும் பிளக்கைத் திறந்து அதற்குள்ளிருந்த ஃபியூஸை மாற்றினார். விளக்கு எரிந்தது, டப்பென்று போனது. இன்னொன்று போட்டார். அதுவும் போனது. அடுத்தடுத்து இரண்டு ஃபியூஸ் போனால் கோளாறு பெட்டிக்குள் என்பது என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். அவரோ சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை உரித்து, கருகிய ஃபியூஸைச் சுற்றிச் சொருகினார்.

"அண்ணே, அது ஆபத்தில்லையா?"

"நீங்க அ ஆ சொல்லிக் குடுங்க டீச்சர். கரண்ட நான் பாத்துக்கிறேன் லா."

திறந்திருந்த பிளக்கில் பச்சை வயர் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. "எர்த் வயர் எங்கண்ணே?"

"அது இருந்தா உம்ம்முன்னு ஒரு சத்தம், டேப்புல ஏறிடும். எல்லாப் பிளக்குலயும் வெட்டிட்டேன். இப்பக் கேளுங்க, சுடுகாடு மாதிரி அமைதி!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். உதவி செய்பவரை எதிர்த்துப் பேசினால் கணவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இவ்வளவு அற்பமான காரணம்.

விளக்கு மறுபடி எரிந்தது. கருகல் வாடை வந்தது. "தூசி சூடாவுது," என்றவர், டேப்பை ஓடவிட்டு, "பாடும்மா," என்றார். மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய மகள் அதன் இரும்புக் கம்பியைப் பிடித்தாள்.

அவள் கத்திய கத்தலை எழுத எனக்குத் தெரியவில்லை. விரல்கள் கம்பியை விடவில்லை. கண்கள் என்னையே பார்த்தன. தொடாதே, முதலில் மெயின் சுவிட்சை அணை என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். அதைத்தான் செய்தேன். மெயின் சுவிட்ச் கதவருகே இருந்தது. துடிக்கிற மகளுக்கு முதுகைக் காட்டி ஓடினேன்.

அணைத்துவிட்டுத் திரும்பினால், அவள் தரையில் கிடந்தாள். மூச்சு இருந்தது. மடியில் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டேன். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு கோடு.

"ஏம்மா ஓடுன?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்துவதைப் போலத்தான் என் வாயிலிருந்து வந்தது.

"தாப்பா லா டீச்சர், ஒண்ணுமில்ல, சின்ன ஷாக்கு. எனக்கு வாரத்துல ரெண்டு வாட்டி அடிக்கும்," என்றார் அவர். பழுதான பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டார். வெளிச்சத்துக்காகத்தான் போடுகிறார் என்று நினைத்தேன். டேப்பைப் பின்னோக்கிச் சுழற்றி ஓடவிட்டார்.

இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து என் மகளின் அலறல் வந்தது. அவள் என் மடியில் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் ஸ்பீக்கர் அருகே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது நல்லாருக்கு. கிளியரா இருக்குல்ல?"

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட என்னால் தாங்க முடிந்திருக்கும். அவர் காதில் உண்மையிலேயே ஸ்பீக்கர் மட்டும்தான் விழுந்தது.

"நிறுத்துங்க!"

"டெஸ்ட்டு பண்றேன் டீச்சர். ஒத்த ஸ்பீக்கர் போதும். பாப்பா தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாடட்டும். ரெண்டு மணிக்கு மத்த பிள்ளைங்களும் வந்துருவாங்க."

தோட்டத்து ஆபீஸுக்குப் போன் போட்டுப் பயனில்லை, லாரி கிளம்பியிருக்கும். ஆறு பேரும் இந்தக் கம்பியைப் பிடிப்பார்கள். மகளைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தேன். மெயினை அணைத்து, சுவிட்ச் பலகையிலிருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"வயர்மேன் வந்து பாக்கட்டும். அப்புறம் தர்றேன்."

"என்னா டீச்சர், சின்னப் புள்ள மாதிரி!"

நான் கையை விரிக்கவில்லை. முனகினார், கெஞ்சினார், என் கணவரிடம் சொல்லிவிடுவதாக மிரட்டினார். கடைசியில் முன்கடைக்குப் போய்ப் போன் செய்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்த வயர்மேன் ஒரு மெலிந்த சீனப் பெரியவர். பேச்சு மட்டும் அசல் தோட்டத்துத் தமிழ். பழுதான பெட்டியின் பின்தகட்டைக் கழற்றினார். உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் கருகி, அதன் வயர் இரும்புத் தகட்டிலேயே ஒட்டிக் கிடந்தது. பிறகு மிக்சர், டேப், மற்ற ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு பிளக்காகத் திறந்தார். ஒன்றிலும் பச்சை வயர் இல்லை; கசிந்த கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லாமல் இணைப்பு வயர்கள் வழியாக மைக் கம்பிவரை வந்திருக்கிறது. வெள்ளித்தாளை நகத்தால் கிள்ளியெடுத்து மேசைமேல் வைத்தார். கடைக்காரரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"இன்னிக்கு இன்னும் யாரு பாட வர்றாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஆறு பிள்ளைங்க."

ஒரு நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"நீ போ டீச்சர், உன் புள்ளைய டாக்டர்கிட்ட காட்டு. அந்த ஆறும் திரும்பிப் போற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."