ரேடியேட்டர் மேல் இருந்த இலவம்பஞ்சு

2006-ஆம் வருஷம், சித்திரை மாதம். நாங்கள் போடியில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு பழைய வெள்ளை டீசல் கார் இருந்தது. ஏலத்தோட்டக்காரர் ஒருவர் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. தன் வசதிக்காக அவர் பிற்பாடு அதில் ஏ.சி. மாட்டியிருந்தார். நான் வாடகைக்குத்தான் ஓட்டினேன். ஆனால் ஏ.சி. வண்டியாகத் தேடி வாங்கியதற்கு என் மனைவிதான் காரணம்.

அவள் ஓர் இலவம்பஞ்சுக் குடோனில், எங்கள் பக்கம் கிட்டங்கி என்போம், கொட்டை பிரிக்கும் வேலை பார்த்தாள். பஞ்சு பறந்துவிடும் என்பதால் அங்கே காற்றாடி போட மாட்டார்கள், ஜன்னலையும் திறக்க மாட்டார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது அவள் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

சவாரி இல்லாத நாட்களில் ஐந்து மணிக்கே போய் கிட்டங்கி வாசலில் வண்டியை நிறுத்திவிடுவேன். இறங்க மாட்டேன். பெண்கள் நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு நாக்கு எழாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினை அணைக்காமல் ஏ.சி.யை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் ஏறும்போது உள்ளே சில்லென்று இருக்க வேண்டும்.

கூட வேலை பார்ப்பவர்கள் சும்மா விடுவார்களா? "ஏத்தா, பொண்ணழைக்க வந்த மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்காக பாரு. ஓடு ஓடு!" என்று கத்துவார்கள். அவள் ஏறியதும் என்னைத்தான் வைவாள். "எதுக்கு இம்புட்டு நேரம் ஓடவிடுறீக? டீசல் என்ன ஆத்துத் தண்ணியா?" வைதுகொண்டே ஏ.சி. காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.

வீடு பக்கத்துத் தெருதான். நான் தேனி ரோட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வருவேன். எதற்குச் சுற்றுகிறீர்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்களுக்குள் பேச்சு என்று ஒன்று இருந்தது அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

அந்த வருஷம் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மகள் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் மனைவி போவதென்று முடிவாயிற்று. அங்கே இருப்பது ஒரே அறை. நானும் போய் இருக்க முடியாது. எப்போது திரும்புவாள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொன்னேன். "திருப்பூருக்கு நானே வண்டியில கொண்டுபோய் விடுறேன்."

ஐந்து மணி நேரப் பயணம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. வழியில் என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓடும்போது ஏ.சி. ஓரளவு குளிரும். நின்றால் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி சூடாக ஊதும். கொஞ்ச நாளில் என்ஜினும் சூடேறத் தொடங்கியது. ரயில்வே கேட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும்.

தேனியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார். தண்ணீர் பம்பை மாற்றினார். ஏ.சி.க்கு கேஸ் ஏற்றினார். ரேடியேட்டருக்குள் தண்ணீரை விட்டு அலசினார். எதற்கும் கேட்கவில்லை. மூன்றாவது முறை போனபோது, வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசாத நான், நாலு பேர் நடுவில் அவரைப் பார்த்து, "பழைய பம்பையே தொடைச்சு மாட்டி ஏமாத்திட்டீக" என்று சொல்லிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால், லோயர் கேம்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமியைக் கும்பிட்டு, குழந்தைக்குத் திருநீறு வாங்கி வரப் போனோம். திரும்பும்போது மத்தியானம் ஒரு மணி. சின்னமனூருக்கு முன்னால் மார்க்கையன்கோட்டை ரோடு பிரியும் விலக்கில், எதிரே வந்த நெல் லாரிக்கு ஒதுங்கி நின்றேன். அவ்வளவுதான். முள் ஏறியது, முன்பக்கம் ஆவி கிளம்பியது.

இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னாள். "இங்கேருங்க, என்னய புதன்கெழம பஸ்ஸுல ஏத்திவிட்டிருங்க. பாவம், இந்த வண்டியப் போட்டு வதைக்க வேணாம்."

வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளுக்கு முகத்தைக் காட்டாமல் பானெட்டைத் தூக்கினேன். துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தேன்.

"ஏலே! கைய எடுலே!"

மொபெட்டில் போன ஒருவர் ரோட்டிலிருந்தே கத்தினார். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். என் நரைத்த தலையைப் பார்த்ததும், "தப்பா நெனைக்காதீகண்ணே. இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துபோகும்" என்றார். அந்த வெயிலில் அவர் இடுப்பில் ஸ்வெட்டர் கட்டியிருந்தார். நாங்கள் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார். திராட்சைப் பழம் வைக்கும் குளிர் கிடங்கில் மெஷின் பார்ப்பவராம்.

அவர் எதையும் தொடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார். ஓடும்போது சூடேறுதா, நிற்கும்போதா? ஏ.சி. போட்டால் அதிகமாகுதா? எந்த மாதத்திலிருந்து? வண்டியைத் தினமும் கழுவுவீகளா? நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓடவிடச் சொன்னார். பிறகு என் மனைவியிடம், "தங்கச்சி, அந்தத் தேங்காய் பழம் சுத்துன காகிதத்தக் குடு" என்றார். அந்தப் பேப்பரை வண்டியின் முன்கம்பியில் வைத்துக் கையை எடுத்தார். பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. திரும்ப வைத்தார். திரும்பவும் விழுந்தது.

"பின்னாடி காத்தாடி சுத்துது. காத்த இழுத்தா இந்தப் பேப்பரு அப்படியே ஒட்டி நிக்கணும். வண்டிக்கு மூச்சு போகலண்ணே" என்றார்.

"முன்னாடி சுத்தமாத்தானே இருக்கு? தினம் ஓஸ் வச்சுக் கழுவுறேன்" என்றேன்.

"முன்னாடி தெரியிறது ஏ.சி.யோட தட்டு. ரேடியேட்டரு அதுக்குப் பின்னாடியில்ல இருக்கு!"

என்ஜினை அணைத்துவிட்டு, ஏ.சி.யின் குழாய்களைக் கழற்றாமல், அந்தத் தட்டைப் பிடித்திருந்த நாலு போல்ட்டை மட்டும் இளக்கி முன்னால் சாய்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில், ரேடியேட்டர் முகம் முழுக்க அழுக்குக் கம்பளி மாதிரி ஒன்று அப்பிக் கிடந்தது. விரலை விட்டு இழுத்தார். பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

என் மனைவி அதை வாங்கிப் பிய்த்துப் பார்த்தாள். உள்ளே பளபளவென்று வெள்ளை. இருபது வருஷம் அதிலேயே கிடந்த விரல்கள். "இது எங்க இலவம்பஞ்சுல்ல!" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "பஞ்சுக் கிட்டங்கிகிட்ட வண்டிய ஆன்ல வச்சுக்கிட்டே நிப்பீகளோ? இது கதவு சந்து வழியா பறந்து வந்து ஒட்டியிருக்கு. நீங்க ஓஸ் வச்சு அடிச்சு அடிச்சு உள்ள தள்ளி மெத்தை தச்சுட்டீக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள்தான் சொன்னாள். "இவுகதான். நான் ஏறும்போது சில்லுன்னு இருக்கணும்னு அரைமணி நேரம் ஓடவிட்டு உக்காந்திருப்பாக. இது தெரியாம தேனி மெக்கானிக்கப் போயி வஞ்சுட்டு வந்தாக." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தது சிரிப்புக்குத்தானா என்று எனக்குத் தெரியாது.

"அப்ப மெக்கானிக்க வஞ்சு பிரயோசனமில்ல. இது வண்டிக்கு வந்த சீக்கில்லண்ணே, உங்களுக்கு வந்த சீக்கு" என்றார் அவர். ஒரு சைக்கிள் கம்பியை வளைத்து மிச்சப் பஞ்சையும் பொறுமையாக எடுத்தார். எல்லாம் முடிந்து பேப்பரை வைத்தபோது அது பட்டென்று ஒட்டிக்கொண்டது. குலசாமிக்குப் படைத்த வாழைப்பழத்தில் இரண்டைத் தவிர எங்களிடமிருந்து அவர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாளே தேனிக்குப் போனேன். மெக்கானிக் ஷெட் வாசலில் வெகு நேரம் நின்றேன். கடைசியில், "பம்பு புதுசுதான். நான் பேசுனது தப்பு" என்றேன். வேலை பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் சொன்ன பழியை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். அவர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, டீ சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு திருப்பூருக்குக் கிளம்பினோம். பெரியகுளம் தாண்டும்போது ஏ.சி. நன்றாகக் குளிர்ந்தது. முள் பாதியைத் தாண்டவில்லை. அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "நல்லாருக்குங்க" என்றாள். நான் சேர்த்து வைத்திருந்த பேச்சை எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

எழுப்ப மனம் வரவில்லை. ஹாரன் அடிக்காமல், பள்ளத்தில் விடாமல் ஓட்டினேன். காற்று அவள் முகத்தில் நேராக அடிக்காதபடி திருப்பி வைத்தேன். தாராபுரத்தில் ஒரு தடவை கண் விழித்து, "எங்கன வந்திருக்கோம்?" என்றாள். சொன்னேன். "ஊர் வந்ததும் எழுப்புங்க" என்று திரும்பவும் தூங்கிப்போனாள்.

நாலு வருஷம் ஆகிறது. பேரனுக்கு இப்போது பள்ளிக்கூடம். அவள் பொங்கலுக்கும் கோயில் கும்பிடுக்கும் வருவாள், நாலு நாளில் போய்விடுவாள். "சீக்கிரம் வந்துரு" என்று அன்று வழியில் சொல்ல நினைத்ததை இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் வேறு எதையும் தராத நான் அவளுக்கு மூன்றரை மணி நேரம் வியர்க்காத தூக்கத்தைத் தந்தேன் என்று நினைத்துக்கொண்டுதான், ஆளில்லாத வீட்டில் என் மத்தியானங்களைக் கடத்துகிறேன்.